அயன் மேசையடியில் நீ வாசித்த பக்கம்

பிள்ளை, இதை நின்றுகொண்டு வாசிக்காதே. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இரு. தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தால் அதையும் பக்கத்தில் எடுத்து வை. உறையைப் பார்த்தவுடன் யாரோ சின்னப் பிள்ளை முகவரி எழுதியிருக்கிறது என்று நினைத்திருப்பாய். அது என்னுடைய கை. உள்ளே இருக்கும் தாள்களும் என்னுடைய கைதான். நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதவில்லை. அம்மா சொல்லச் சொல்ல நானும் எழுதவில்லை. தொடங்கி இன்றைக்கு ஐந்தாவது நாள். முதலில் கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்து, பிறகு இந்தக் கோடு போட்ட தாளில் இறக்குகிறேன். விரல் நோகிறது. இருந்தாலும் காலையில் எழும்பியதும் எப்போது மேசைக்கு வருவேன் என்றுதான் இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோசம் வரலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "சந்தோசப்பட்டது காணும், குனிஞ்சு எழுதுங்கோ. வரி மேலை ஏறுது" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கதைத்ததற்கு நான் சொன்ன பதில் பொய்யானது. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். "அப்பா, புத்தகம் முடிஞ்சுது. வாற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை அச்சகத்திலை டெர்மின், அண்டைக்குக் குடுத்திடோணும். முன்பக்கத்தை வாசிக்கிறன், கேளுங்கோ" என்றாய். ஸ்பெயினின், ஐரோப்பாவின் இலக்கியத்தையும் சிந்தனையையும் அங்கே வாழ்ந்த சனங்களின் வரலாற்றையும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லும் புத்தகம். நான்கு வருட உழைப்பு. வழக்கம்போல முதலில் ஜெர்மனில் வாசித்தாய், பிறகு தமிழில் கருத்துச் சொன்னாய். "எனக்கு வாசிக்கக் கற்றுத்தந்த அப்பாவுக்கு." அதற்கடுத்து முன்னுரை. அதில் நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்ட நம்முடைய அயன் மேசை. வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே நீ ஒரு வரி தாண்டினாலும் கண்டுபிடிக்கும் தகப்பன். ஒரு நாள் அந்தத் தகப்பன், "இந்தப் பக்கத்தில் நீ எதையோ விட்டுவிட்டாய்" என்று சொன்ன கதை. "சரியோ அப்பா? ஏதும் மாத்தோணுமோ?" என்று கேட்டாய். "ஓம், நல்லாயிருக்கு. அப்பிடியே விடு" என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தொலைபேசியை வைத்தேன்.

அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். "என்னவாம் பிள்ளை?" என்றாள். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அதை அச்சடிக்கப் போகினமோ?"

"ஓம்."

"பொய்யையோ?"

நான் தொலைபேசியைத் தள்ளி வைத்தேன். "நீங்கள் கேட்டுக்கொண்டபடி முப்பது வருசமாய் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். அது எங்கட வீட்டுக்குள்ளை. இது ஊர்ப்பிள்ளையள் படிக்கிற புத்தகம். போனை எடுத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

"போனிலை சொல்ல ஏலாது."

"அப்ப எழுதுங்கோ. அதுதான் இப்ப ஏலுமே."

எழுதுகிறேன். பிள்ளை, உனக்கு வாசிக்கக் கற்றுத்தந்தது நான் அல்ல. அயன் மேசைக்குப் பக்கத்தில் உன்னை இருத்தி வாசிக்கச் சொன்ன அத்தனை வருடங்களிலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஜெர்மன் மட்டும் அல்ல, தமிழும் தெரியாது. இந்த இரண்டு வரிகளை எழுதத்தான் எனக்கு முதல் மூன்று நாட்களும் போயின. இதை வாசித்த பிறகு என்னை வேறு மாதிரிப் பார்ப்பாயோ என்ற பயம் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வரப் போகிறது. அச்சில் ஏறிவிட்டால் பிறகு என்னாலும் இறக்க முடியாது, உன்னாலும் முடியாது.

எப்படி வந்தது இது என்று நீ கேட்பாய். பெரிய கதை ஒன்றும் இல்லை. என் அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் மூத்தவன். பள்ளிக்கூடத்தில் இருந்தது சில மாதங்கள்தான். அந்தச் சில எழுத்துகளும் தோட்டத்துத் தண்ணீரோடு போய்விட்டன. பிறகு கொழும்பில் உடுப்பு வெளுக்கும் ஒரு லோண்டரியில் வேலை. அங்கே இருக்கும்போதுதான் உன் அம்மாவைப் பேசி முடித்தார்கள். அவள் எனக்குக் கடிதம் எழுதினாள். என்னோடு வேலை செய்த ஒரு சிநேகிதன் வாசித்துச் சொல்லுவான், பதிலும் அவனே எழுதுவான். நல்ல முத்து முத்தான கையெழுத்து அவனுக்கு. கலியாணம் முடிந்து இரண்டாம் கிழமை, கடைக்குப் போகும்போது அம்மா ஒரு துண்டில் சாமான்கள் எழுதித் தந்தாள். நான் அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நினைவில் இருந்த நான்கு சாமான்களை மட்டும் வாங்கி வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "அப்ப அந்தக் கடிதங்களை எழுதினவரை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றாள். இன்றைக்கும் சண்டை வந்தால் அவளுக்கு அந்த மனிதன் ஞாபகம் வருவான். ஆனால் ஒருவரிடமும் சொல்லாதே என்று நான் கேட்டபோது, சரி என்றாள். அந்தச் சரியை அவள் உன்னிடம்கூட மீறவில்லை.

ஜெர்மனிக்கு, இந்த ஹனோவருக்கு நான் வந்து இரண்டு வருடம் கழித்து நீங்கள் இருவரும் வந்தீர்கள். உனக்கு ஏழு வயது. இங்கே ஒளிந்துகொள்வது எனக்கு இன்னும் சுகமாக இருந்தது. நம்முடைய ஆட்களில் எந்தத் தகப்பனுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும்? அகதி விண்ணப்பம், வீட்டு வாடகைக் கடிதம், வேலைக் கடிதம், எதுவானாலும் எல்லா வீட்டிலும் பிள்ளைகள்தான் வாசித்துச் சொன்னார்கள். அது வெட்கம் இல்லை. அந்தக் கூட்டத்துக்குள் நானும் நின்றுகொண்டேன். தமிழ்ப் பேப்பர் வந்தால் அம்மா முதலில் எடுத்து, "இஞ்சை பாருங்கோ, அங்கை இப்பிடியாம்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வாசிப்பாள். பிறகு நான் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் விரித்துப் பிடித்துக்கொண்டு இருப்பேன். கையெழுத்தை ஒரு படம் மாதிரி வரையப் பழகியிருந்தேன். ட்ராமில் தரிப்பிடங்களை எண்ணி இறங்குவேன். இங்கே நான் வேலை செய்த லோண்டரிக்கு எட்டாவது, உன் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாவது, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறி ஏறி ஐந்தாவது.

பின்னேரங்களில் உணவகத்துப் பரிசாரகர்களின் வெள்ளைச் சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அயன் பண்ணுவேன், நினைவிருக்கிறதா? இரண்டு அறை வீடு. அயன் மேசையை விரித்தால் வேறு ஒரு மேசைக்கு இடம் இல்லை. நீ துணிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, சட்டைக் கைகள் தலையில் முட்ட முட்ட வீட்டுப்பாடம் செய்வாய். ஒரு நாள் நான் சும்மா, "சத்தமாய் வாசி" என்றேன். வாசித்தாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கருத்தைச் சொல்லு" என்றேன். தமிழில் சொன்னாய். அன்றைக்கு நீ சொன்னது, பனிக்காலத்தில் முள்ளம்பன்றி எங்கே போய்ப் படுக்கும் என்பது. அடுத்த நாளும் கேட்டேன். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் புள்ளியைப் பார்த்தார்கள், என் அப்பா கருத்தைக் கேட்டார் என்று நீ பெருமையாக எழுதியிருக்கிறாய். பிள்ளை, எனக்குப் பசி. அவ்வளவுதான். உலகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

நீ வளர வளர முள்ளம்பன்றி போய்ப் பெரிய பெரிய விசயங்கள் வந்தன. குடியானவர்கள் பிரபுக்களுக்கு எதிராக எழும்பியது, அச்சு வந்தபோது யார் யார் பயந்தார்கள் என்பது, ஸ்பெயினில் மூன்று மதத்துச் சனங்களும் ஒரே தெருவில் வாழ்ந்ததும் பிறகு துரத்தப்பட்டதும். தொலேதோ என்ற ஊரில் பழைய நூல்களை மொழிபெயர்த்த விதத்தை நீ சொன்ன நாள் எனக்கு நல்ல நினைவு. ஒருவர் அரபு நூலைப் பார்த்து ஊர்ப் பேச்சில் சத்தமாகச் சொல்லுவாராம், மற்றவர் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவாராம். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதாம். அன்றைக்கு ஒரு கொலரைச் சற்றுக் கருக்கிவிட்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. இன்னொரு நாள், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்ன சிந்தனையாளர்களைப் பற்றிய பாடம். "நீங்கள் அயன் பண்ணிக்கொண்டு நிக்கிறதே ஒரு கனவாய் இருக்கலாம் அப்பா" என்றாய். "கனவெண்டா இந்த மனுசன்ரை கொலர் இவ்வளவு ஊத்தையாய் இராது" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதையே அடுத்த நாள் வகுப்பில் சொல்லி வாத்தியாரையும் சிரிக்க வைத்தாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளே ஒரு பெருமையும் வந்தது. நான் சொன்ன ஒரு வார்த்தை ஜெர்மன் பள்ளிக்கூடத்துக்குள் போய் வந்திருக்கிறது!

நீ வரி தாண்டுவதை நான் கண்டுபிடித்தது உண்மைதான். ஆனால் கண்ணால் அல்ல. அயன் பெட்டி மடிப்பின்மேல் ஏறும்போது கைக்குத் தெரியும். அதுமாதிரி, நீ தாண்டும்போது உன் குரல் ஒரு சின்ன ஓட்டம் ஓடும். "விட்டிட்டாய், திருப்பி வாசி" என்பேன். நீ நாக்கைக் கடிப்பாய். இரண்டு மூன்று முறை சரியாக அமைந்தவுடன் எனக்கே என்மேல் ஒரு மிதப்பு வந்துவிட்டது. உண்மையாகவே எனக்கு வாசிக்கத் தெரியும் என்ற மாதிரி நடந்துகொண்டேன்.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். உனக்குப் பதினைந்து வயது. ஒரு பழைய ஐரோப்பியக் கனவானைப் பற்றிய பாடம். அவர் தன் பெரிய வீட்டில், பனிக்காலத்தில், புத்தகங்களோடு கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார். இரண்டு நண்பர்கள் வருகிறார்கள். மனிதன் எப்படி வாழ வேண்டும் என்று மூன்று நாட்கள் இருந்து பேசுகிறார்கள். அன்றைக்கு ஆறு மணிக்கு உன் சிநேகிதியின் பிறந்தநாள். நீ சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் கூடையில் இருந்தாய். உன் குரல் ஓடியது.

"விட்டிட்டாய்" என்றேன்.

"இல்லை அப்பா, விடேல்லை."

"திருப்பி வாசி."

திருப்பி வாசித்தாய். குரல் இன்னும் வேகமாக ஓடியது. மணி ஆறு ஆகப் போகிறது என்பதால்தான் ஓடியது என்று இன்றைக்குத் தெரிகிறது. "இப்பவும் விட்டிட்டாய்" என்றேன். மூன்றாம் முறை அழுதுகொண்டே வாசித்தாய். ஒவ்வொரு முறையும் வரிக்கு வரி தமிழில் கருத்தும் சொன்னாய். முடித்துவிட்டுப் புத்தகத்தை என் முன்னால் நீட்டினாய்.

"என்னத்தை விட்டனான்? நீங்களே காட்டுங்கோ."

பிள்ளை, அந்தப் பக்கம் என் முகத்துக்கு நேரே இருந்தது. அயன் பெட்டியின் ஆவி அதன்மேல் பட்டது. எனக்கு அது வெறும் கறுப்புப் பூச்சிகள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நான் காட்டத் தேவையில்லை. எனக்குப் பொய் சொல்லாதை. கண்டுபிடிக்கும்வரைக்கும் வெளியிலை போகேலாது." நீ அந்தப் பிறந்தநாளுக்குப் போகவில்லை.

அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் அவள் செய்ததை நான் அன்றைக்கு அறியவில்லை. பல வருடங்களுக்குப் பிறகுதான் சொன்னாள். நீ சமையலறையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தப் பெரிய மனுசருக்கும் வந்தவைக்கும் மூண்டு நாளும் சாப்பாடு போட்டது ஆராம்? புத்தகத்திலை போட்டிருக்கோ? அதைத்தான் கொப்பர் கேக்கிறாராக்கும்" என்றிருக்கிறாள். உன்னையும் காப்பாற்ற வேண்டும், என்னையும் காப்பாற்ற வேண்டும், என்னிடம் தந்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும். ஒரு பிடி கீரையை ஆயும் நேரத்தில் மூன்றையும் செய்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் நீ என்னிடம் ஓடி வந்தாய். "கண்டுபிடிச்சிட்டன் அப்பா. மூண்டு நாள் இருந்து கதைச்சிருக்கினம். ஆர் சமைச்சது, ஆர் அடுப்பு மூட்டினது, ஆர் உடுப்புத் தோய்ச்சது எண்டு ஒரு சொல் இல்லை. அதைத்தானே சொன்னனீங்கள்?" உன் கண் வீங்கியிருந்தது, ஆனால் முகம் மின்னியது. நான் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, "ஓம். அதைத்தான்" என்றேன்.

அந்த "ஓம்" இன்றைக்கு உன் முன்னுரையில் இருக்கிறது. அந்தக் கேள்வியை நீ வகுப்பில் கேட்டாய். வாத்தியார் வியந்தார். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இதில் சொல்லப்படாத ஆள் யார் என்று தேடத் தொடங்கினாய். சத்திரத்துச் சமையற்காரி, ஆற்றங்கரையில் துணி தோய்க்கிற பெண்கள், நிலம் இல்லாத தென் ஸ்பெயின் கூலிகள் என்று உன் படிப்பே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. எல்லாம் அப்பாவின் ஒரு சொல்லால் என்று எழுதியிருக்கிறாய். இல்லை பிள்ளை. அது அம்மாவின் சொல். நான் உன்னை அழவைத்தேன். அவள் அதிலிருந்து உனக்கு ஒரு வழி வெட்டித் தந்தாள். நான் அதற்குப் பெயர் வாங்கினேன்.

எப்படித் திருந்தினேன் என்றும் சொல்ல வேண்டும். அதற்கும் நீதான் காரணம். உனக்கு ஹாலே நகரத்தில் வேலை கிடைத்த வருடம் எங்களைக் கூப்பிட்டாய். அங்கே ஒரு பழைய அறநிலையத்தின் சுவடிக்கூடத்தில் அந்தக் காலத்துப் பாதிரிமார் வழியாக வந்த, இருநூறு வருடங்களுக்கு மேற்பட்ட தமிழ்க் கடிதங்கள் இருக்கின்றன என்று காட்டக் கூட்டிப்போனாய். அங்கு வேலை செய்யும் ஜெர்மன்காரப் பெண் கையுறை போட்டுக்கொண்டு ஒரு தாளை எங்கள் முன்னால் வைத்தாள். தமிழ் எழுத்துப் படித்தவளாம். விரலைத் தாளில் முட்டாமல் நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நின்றுவிட்டு, நான் தமிழன் என்பதால் என்னைப் பார்த்துச் சிரித்து, "ஐயா, இது என்ன சொல்?" என்று தமிழிலேயே கேட்டாள். நீயும் ஆசையோடு என்னைப் பார்த்தாய். நான் சட்டைப்பையைத் தடவினேன். "கண்ணாடி கொண்டுவரேல்லை" என்றேன். கண்ணாடி பையில்தான் இருந்தது. அம்மா குனிந்து வாசித்துச் சொன்னாள். ஒரு ஜெர்மன் பெண் கேட்கிறாள், என் மனைவி வாசிக்கிறாள், செத்துப்போன யாரோ ஒரு தமிழன் எழுதிய கடிதத்துக்கு முன்னால் நான் பையைத் தடவிக்கொண்டு நிற்கிறேன்.

அன்று பின்னேரம் உன் அறையில் நான் உன் சட்டைகளை அயன் பண்ணும்போது, எழுதிக்கொண்டிருந்த ஒரு பகுதியைச் சொன்னாய். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒருவர் உயரமான கதிரையில் இருந்து பேப்பரும் கதைகளும் சத்தமாக வாசிப்பாராம், மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்பார்களாம். வாசிப்பவரைத் தெரிவு செய்வதும் தொழிலாளர்கள்தானாம். பிடிக்காத இடத்தில் சத்தம் போடுவார்களாம். சுருட்டு! என் அப்பாவின் புகையிலையும் இப்படி எங்கோ யாருடைய கையிலோ போய்ச் சேர்ந்திருக்கும்.

"அவையள் எழுத்துத் தெரியாத சனம்தானே?" என்றேன்.

"கனபேருக்குத் தெரியாது."

"அப்ப மடையர் எண்டுதானே சொல்லியிருப்பினம்?"

நீ கோபப்பட்டாய். "ஆர் சொன்னது? அவையள் காதாலை வாசிச்ச ஆக்கள், அப்பா. அந்த நாளிலை அவையளைப் போல உலக விசயம் தெரிஞ்ச ஆக்கள் குறைவு."

நீ யாரைப் பற்றிச் சொல்கிறாய் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. நான் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அடுத்த நாள் ரயிலில் அம்மாவிடம், "எனக்கு எழுத்துப் பழக்கு" என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "இருபத்தெட்டு வருசம் பிந்தித்தான் கேக்கிறியள். பரவாயில்லை" என்றாள்.

தமிழ் அவளிடம், ஜெர்மன் மாலை வகுப்பில். நான் நடக்கப் போகிறேன் என்று உனக்குச் சொன்ன செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் அந்த வகுப்புத்தான். முதல் நாள் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே முக்கால்வாசிப் பேர் ஜெர்மன்காரர். எனக்கு நம்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற கூரை வேலைக்காரர், என்னிலும் இரண்டு மடங்கு அகலம். "நீங்களும் எழுத்துத் தெரியாமலா?" என்று கேட்டேன். "நாற்பது வருடமாக எல்லாரிடமும் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி வருகிறேன்" என்றார். நான் என் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தேன். அவரும் தன்னுடையதை எடுத்து வைத்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ரீச்சர் எங்களைப் பார்த்து விரலை வாயில் வைத்தார். அந்த மனிதர் இப்போது என் நல்ல சிநேகிதர். அம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டவர் அவர்தான்.

அந்த வருடத்தின் சந்தோசத்தை எப்படி எழுதுவது? இத்தனை வருடமாக எட்டாவது தரிப்பு என்று இறங்கிய இடத்துக்கு ஒரு பெயர் இருந்தது! வாசித்த அன்று இறங்க மறந்து ஒன்பதாவதுக்குப் போய்விட்டேன். அரிசிமாப் பையில் எழுதியிருப்பது, கோயில் நோட்டீசில் உபயகாரர் பெயர், மருந்துப் போத்தலில் சாப்பாட்டுக்குப் பிறகு என்று இருப்பது எல்லாமே எனக்கு யாரோ கடிதம் போட்டது மாதிரி இருந்தது. அம்மா சொன்னாள், "பேப்பரை இஞ்சை தாங்கோ, நானும் வாசிக்கோணும்." நம்முடைய வீட்டில் பேப்பருக்கு முதன்முதலாகச் சண்டை வந்தது.

அடுத்த மாதம் நீ தென் ஸ்பெயினுக்குப் படிப்பிக்கப் போகிறாய். புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது, ஆனால் தகப்பன் கை சும்மா இராது. உனக்குத் தெரியாத ஒன்றை யாராவது கேட்டால், முதல் தடவையே தெரியாது என்று சொல்லிவிடு. முதல் தடவை சொல்லாவிட்டால் இரண்டாம் தடவை சொல்வது பத்து மடங்கு கஷ்டம். பிறகு அதைக் காப்பாற்றுவதே ஒரு முழுநேர வேலையாகிவிடும். உன்னிடம் வரும் மாணவர்களில் ஒருவர் எப்போதும் கண்ணாடியை மறந்து வருவார். அவரை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதே. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு மெல்லக் கேள். சட்டையை அயன் பண்ணும்போது கொலரில் தொடங்கு. நீ எப்போதும் கையில் தொடங்குகிறாய். பின்னேரங்களில் தனியாக இருந்தால் எங்களைக் கூப்பிட்டு ஏதாவது வாசித்துக் காட்டு. நான் இப்போது வாசிப்பேன்தான், ஆனாலும் உன் குரலில் கேட்பது வேறு.

புத்தகத்தின் முதல் பக்கத்தை மாற்று. என்ன எழுதுவது என்பது உன் வேலை. எழுதப் படித்தவள் நீ. அம்மாவின் பெயர் வர வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். அவள் கேட்கவில்லை. முன்னுரையிலிருந்து அயன் மேசையை எடுத்துவிடாதே, அது உண்மை. கேட்டுக்கொண்டிருந்த ஒருவனை நீ அங்கே வைக்கலாம். அந்த இடம் எனக்குப் போதும். அது சின்ன இடம் இல்லை என்று நீதானே எனக்குச் சொன்னாய்.

கடைசியாக ஒன்று. ஜெர்மன் எழுத்துக் கூட்ட வந்தவுடன் நான் முதலில் வாசிக்க நினைத்தது பேப்பரோ சாமிப் புத்தகமோ அல்ல. நிலவறைக்குப் போய் உன் பழைய பாடப்புத்தகங்கள் இருந்த பெட்டியை இறக்கினேன். அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. நான் உன்னை நிறுத்திய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறாய். ஒவ்வொரு முறைக்கும் ஒன்றாக மூன்று புள்ளிகள். சமையலறை மேசையில் வைத்து, வரிக்குக் கீழே அடிமட்டம் பிடித்து, தெரியாத சொற்களை அம்மாவின் பெரிய அகராதியில் பார்த்து, இரண்டு கிழமை வாசித்தேன். எழுதிவைக்கத் தெரியாத காலத்தில் கேட்டது எனக்கு மறப்பதில்லை. அன்றைக்கு நீ தமிழில் சொன்ன கருத்து ஒவ்வொன்றும் என் காதில் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கத்தில் அதை வைத்து, மறுபக்கத்தில் புத்தகத்தை வைத்து, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை பார்த்தேன்.

நீ எதையும் விடவில்லை, பிள்ளை. மூன்று தடவையும் சரியாகத்தான் வாசித்தாய். நான் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்பா